செமினியில் புது வீடா, செராஸிலேயே இருப்பதா?

கேள்வி: கோலாலம்பூர் செராஸில் வாடகை அப்பார்ட்மெண்டில் இருக்கிறோம். கணவருக்கு நகர மையத்தில், புக்கிட் பிந்தாங்கில் ஹோட்டல் சமையலறையில் ஷிப்ட் வேலை. எனக்குப் பாங்கியில் கணக்குப் பிரிவில் வேலை. மூத்தவன் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போகிறான். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், நகருக்கு வெளியே செமினி பக்கத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஒரு புதிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இரட்டை மாடி வீடு 450,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார்கள். இன்னும் கட்டி முடியவில்லை. இதே விலைக்குச் செராஸில் பழைய அப்பார்ட்மெண்ட்தான் கிடைக்கும். எதை வாங்கலாம்?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது கணவரின் ஷிப்ட் வேலைதான். வீட்டின் விலையை அப்புறம் பார்ப்போம்.

செமினியில் ரயில் கிடையாது. பக்கத்தில் உள்ள எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம் காஜாங், 2017 ஜூலையிலிருந்து ஓடுகிறது. அங்கே ஏறினால் புக்கிட் பிந்தாங்கில் மாறாமல் இறங்கலாம். பகல் ஷிப்ட் என்றால் இது நல்ல வசதி. ஆனால் செமினியிலிருந்து காஜாங் வரை சாலைதான், காலையில் அந்தச் சாலைதான் கழுத்தைப் பிடிக்கும். இரவு ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால் ரயிலும் இருக்காது. நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்றவர் தூக்கக் கலக்கத்தோடு நெடுஞ்சாலையில் தனியாகக் காரோட்டி வர வேண்டும். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வேலை நாளில், அவர் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில் அந்தத் தாமான் வாசலிலிருந்து புறப்பட்டுப் போய்ப் பாருங்கள். ஷிப்ட் முடியும் நேரத்துக்குத் திரும்பியும் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போய் வந்த நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உங்களுக்குப் பாங்கி பக்கம்தான். அந்த வகையில் செமினி உங்களுக்கு லாபம். ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் இன்னொருவரிடமிருந்து போகிறது, அதை இருவரும் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்.

இப்போது பணம். பத்து விழுக்காடு முன்பணம் கட்டி 405,000 வெள்ளி கடன் எடுத்தால், 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 1,790 வெள்ளி வரும். இதோடு முடிவதில்லை. வீடு எழும்பும் காலத்தில் பேங்க் கட்டம் கட்டமாகப் பணம் விடும், விட்ட பணத்துக்கு நீங்கள் வட்டி கட்டுவீர்கள். செராஸ் வாடகையும் கூடவே ஓடும். சாவி கிடைத்ததும் கிரில், சமையலறை, கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை. எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு இரண்டாவது கார். செமினியில் ஒரு காரை வைத்து உங்கள் குடும்பம் சமாளிக்க முடியாது. அந்தக் காரின் தவணை, எண்ணெய், டோல் மூன்றையும் 1,790-இன் மேல் கூட்டிப் பாருங்கள், செராஸ் அப்பார்ட்மெண்ட் அவ்வளவு மோசமாகத் தெரியாது.

சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. உங்களுடையது போல அடுக்குமாடி அல்லாத தரை வீடு என்றால் ஒப்பந்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் மேம்பாட்டாளர் (வீடு கட்டி விற்கும் நிறுவனம்) சாவியைக் கொடுக்க வேண்டும். தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று நாள் கணக்கில் ஈடு தர வேண்டும். உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 123 வெள்ளி. சாவி வாங்கிய பிறகு 24 மாதம் வரை விரிசல், ஒழுகல் போன்ற குறைகளை அவர்களே சரிசெய்ய வேண்டும். ஆனால் வேலை பாதியில் நின்றுபோன திட்டத்தில் இந்த ஈடு காகிதத்தோடு நின்றுவிடும். மேம்பாட்டாளரின் உரிமத்தையும் பழைய திட்டங்களின் நிலையையும் வீடமைப்பு அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்கள் பச்சைப் பசேலென்று தெரிவதைக் காட்டியிருப்பார்கள். மாமியாருக்கு மனம் குளிர்ந்திருக்கும். அந்தப் பச்சை உங்களுடையது இல்லை, சகோதரி. ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்த மாதிரி, செம்பனை போய் அடுத்த தாமான் வரும். அடுக்குமாடி வரலாம், கழிவுநீர் நிலையம் வரலாம், நெடுஞ்சாலையும் வரலாம். இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. லாட் (மனை) எண்ணை எடுத்துக்கொண்டு காஜாங் நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் பக்கத்து நிலத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று கேளுங்கள். நிலம் குத்தகையா நிரந்தர உரிமையா, வேறு ஏதாவது நிபந்தனை உண்டா என்பதை வழக்கறிஞர் கெரானை (நில உரிமைப் பத்திரத்தை) பார்த்துச் சொல்லட்டும்.

தண்ணீரையும் மறக்காதீர்கள். 2016-இல் துர்நாற்ற மாசு காரணமாகச் சுங்கை செமினி சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டது, பிறகும் அப்படி நடந்திருக்கிறது. பெரிய தொட்டி வைக்க இடம் இருக்க வேண்டும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். "பிறந்த ஊருக்குப் போகிறோம்" என்று அவர் சந்தோஷப்படலாம். ஆனால் அவர் வளர்ந்த லயத்து வீடுகளில் பல இன்று இருக்காது. கூட வளர்ந்தவர்கள் ரிஞ்சிங்கிலும் காஜாங்கிலும் நீலாயிலும் பிரிந்து கிடப்பார்கள். வேலி போட்ட புதுத் தாமானில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு, அவர் நடந்து போக ஒரு மளிகைக்கடைகூட இல்லாமல் இருக்கலாம். செராஸில் லிஃப்டில் இறங்கினால் கடை. வயதானவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்தத் தாமானுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள். முன்பே கட்டி முடித்த வரிசையில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, எத்தனை வீட்டுச் சன்னலில் இன்னும் மேம்பாட்டாளரின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, தபால் பெட்டியில் விளம்பரத் தாள் பிதுங்குகிறதா என்று கவனியுங்கள். பாதி வீடு இருட்டாக இருந்தால், அவருக்குப் பேச்சுத்துணை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

அதனால் நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்றைச் சொல்கிறேன். செமினி பட்டணத்தை ஒட்டியோ பண்டார் ரிஞ்சிங்கிலோ பழைய தாமான் வீடுகளைப் பாருங்கள். கடை, கோயில், அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அந்தப் பக்கம்தான். பையன் மதியம் வீடு திரும்பும்போது பாட்டி வாசலில் இருப்பார், இந்த ஒரு வசதிக்காகவே நான் செமினி பக்கம் சாய்கிறேன். மழை பெய்து முடிந்ததும் போனால் வடிகாலின் நிலை தெரியும், சுவரில் தண்ணீர்க் கறை இருந்தால் அதுவும் தெரியும். புது வீட்டில் இதையெல்லாம் பார்க்க முடியாது. பழைய வீட்டில் பழுதுபார்க்கும் செலவு உண்டு. 450,000 வெள்ளி வீட்டுக்கு முத்திரை வரி 8,000 வெள்ளி வரும். முதல் வீட்டுக்கான விலக்கு உங்களுக்குக் கிடைக்குமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

என் யோசனை, முதலில் அங்கே ஓர் ஆண்டு வாடகைக்கு இருங்கள். அதற்குள் கணவருக்குப் பகல் ஷிப்டோ, பாங்கி, புத்ராஜெயா பக்கம் வேலையோ அமைந்தால் வாங்கலாம். நள்ளிரவு ஷிப்டே தொடரும் என்றால் செராஸில் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் வாங்குங்கள், மாமியாரை மாதம் ஒருமுறை செமினி கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். அவசரப்பட்டு வாங்கிவிட்டு மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரியாகப் போகும். குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒரே முறை விலக்கு உண்டு, அதை இதில் கரைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று. "இந்த வாரம் புக்கிங் பணம் கட்டினால்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்தினால் கட்டாதீர்கள். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் மேம்பாட்டாளர் பணம் வாங்க வீடமைப்பு விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், அவர்கள் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.