பச்சிளம் குழந்தைக்கு ஆபரேஷன்: குழந்தை அறுவை மருத்துவரிடம் கேள்வி பதில்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் குழந்தை அறுவை சிகிச்சைத் துறையில் வேலை பார்க்கிறேன். பிறவிக் குறையோடு பிறந்து, முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ ஆபரேஷன் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றிக் கேளுங்கள். நேரில் பார்க்காத குழந்தைக்கு மருந்து அளவு சொல்ல மாட்டேன். இன்னொரு டாக்டர் செய்தது சரியா தப்பா என்று தீர்ப்பும் சொல்ல மாட்டேன்.

கேள்வி (தேனி, தாய்மாமன்): அக்காவுக்கு நேற்று ராத்திரி பெண் குழந்தை பிறந்தது. வாயில் நுரை நுரையாக வந்துகொண்டே இருந்தது. முதல் தடவை பால் கொடுத்ததும் நீலமாகிவிட்டது. டியூப் போட்டால் வயிற்றுக்குள் இறங்கவில்லை, உணவுக்குழாய் சேரவில்லை, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்கிறார்கள். பிழைக்குமா மேடம்? வழியில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் வழியைப் பார்ப்போம் தம்பி. வாயில் எதுவும் வைக்கக் கூடாது. பால், சர்க்கரைத் தண்ணீர், தேன், கோயில் தீர்த்தம், எதுவும். "பெரியவர் கையால் ஒரு சொட்டு சேனை" என்று யாராவது கிளம்பினால் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

காரணம் இதுதான். உணவுக்குழாயின் மேல்பாதி பை மாதிரி மூடிக்கிடக்கும். அதனால் எச்சில்கூட இறங்காமல் தேங்கி மூச்சுக்குழாய்க்குள் வழியும். கீழ்ப்பாதி பெரும்பாலும் மூச்சுக்குழாயோடு ஒட்டியிருக்கும், நூற்றில் 85 குழந்தைகளுக்கு இப்படித்தான். அந்த வழியாக வயிற்று அமிலம் நுரையீரலுக்கு ஏறும். ஆபரேஷனுக்கு முன்பே குழந்தையைக் கெடுப்பது இந்த இரண்டும்தான்.

108-இல் கூப்பிட்டுப் பச்சிளங்குழந்தைக்கான ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கேளுங்கள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும். மேல் பையில் தேங்கும் எச்சிலைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது உறிஞ்சி எடுக்க வேண்டும், அது கூட வரும் பணியாளர் வேலை. குழந்தை சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை: தலையில் குல்லா, காலில் சாக்ஸ், உள்ளங்கால் தொட்டால் கதகதப்பு. குளிர்ந்துபோய் வரும் குழந்தையை நாங்கள் உடனே மேஜையில் ஏற்ற முடியாது, சூடாக்கவே சில மணி நேரம் போய்விடும். எக்ஸ்ரே, ரெஃபரல் கடிதம், அம்மாவின் ரத்த மாதிரி மூன்றையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா இன்று வர முடியாது, அதனால் கையெழுத்துப் போட அப்பா கண்டிப்பாகக் கூட வரட்டும். ஆளுக்காகக் காத்திருந்து ராத்திரி முழுக்க வீணான கேஸ்கள் உண்டு.

பிழைக்குமா என்றால், எடை ஒன்றரை கிலோவுக்கு மேல் இருந்து, இதயத்தில் பெரிய கோளாறு இல்லாமல், நுரையீரல் கெடாமல் வந்து சேர்ந்தால், நல்ல மையங்களில் நூற்றுக்கு 95-க்கு மேல் பிழைக்கிறார்கள். உணவுக்குழாயை ஒரே ஆபரேஷனில் நேரடியாகச் சேர்த்து முதல் குழந்தை பிழைத்தது 1941-இல், அமெரிக்காவின் மிச்சிகனில், கேமரன் ஹெய்ட் என்ற டாக்டர் கையால். அதற்கு முன் இந்தக் குறையோடு பிறந்த குழந்தைகள் கிட்டத்தட்ட எல்லாருமே இறந்தார்கள். கிளம்புங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

கேள்வி (திருச்சி, அம்மா): ஒன்பது நாள் குழந்தை. காலையிலிருந்து பச்சையாக வாந்தி எடுக்கிறான். வயிறு பெரிதாக உப்பவில்லை. மாமியார் மாந்தம் என்று கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். நாளைக்கு டாக்டரிடம் காட்டினால் போதுமா?

பதில்: நாளைக்கு இல்லை, இப்போதே. இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம்.

மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பச்சிளம் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் என்று நிரூபணமாகும் வரை குடல் முறுக்கு என்றே எடுத்துக்கொள்வோம். கருவில் குடல் சரியான இடத்தில் போய் உட்காராத குழந்தைகளுக்கு, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி குடல் மொத்தமும் முறுக்கிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் கறுத்துவிடும். வயிறு உப்பவில்லை என்பது ஆறுதல் இல்லை, அடைப்பு மேலே இருந்தால் உப்பாது. தயிர் மாதிரி வெள்ளையாகக் கக்குவது வேறு, அது பெரும்பாலும் சாதாரணம். பச்சை என்றால் வண்டி பிடியுங்கள், குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி (சிவகங்கை, அத்தை): தம்பி பையனுக்கு மலத்துவாரமே இல்லை. இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. இப்போது வயிற்றில் ஓட்டை போட்டு அது வழியாக மலம் போகிறது. வாழ்நாள் முழுக்க இப்படித்தானா? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: வாழ்நாள் முழுக்க இல்லை. கொலஸ்டமி என்கிற இந்த வழி தற்காலிகம். ஏறக்குறைய ஐயாயிரம் குழந்தைகளில் ஒன்று இந்தக் குறையோடு பிறக்கிறது, அதனால் எங்கள் வார்டில் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள்.

பொதுவாக மூன்று கட்டம். முதலில் கொலஸ்டமி. குழந்தை எடை போட்டதும், சில மாதம் கழித்து, சரியான இடத்தில் மலத்துவாரம் அமைக்கும் பெரிய ஆபரேஷன். பின்பக்கமாக நடுக்கோட்டில் பிரித்து, சுருக்குத் தசைகளைக் கண்ணால் பார்த்து அவற்றுக்கு நடுவே குடலை வைக்கும் இந்த முறையை அல்பர்டோ பேன்யாவும் பீட்டர் டி வ்ரீஸும் 1982-இல் வெளியிட்டார்கள். அதுவரை குத்துமதிப்பாகத்தான் தசையைத் தேட வேண்டியிருந்தது. மூன்றாவதாகக் கொலஸ்டமியை மூடுவது. குறை லேசாக இருந்தால் ஒரே ஆபரேஷனோடும் முடியும். உங்கள் பையனுக்குக் கொலஸ்டமி போட்டிருப்பதால் மூன்று கட்டம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து சுமார் இரண்டு வாரத்தில், புதுத் துவாரம் சுருங்காமல் இருக்க டைலட்டர் என்ற வழவழப்பான கம்பியை தினமும் விட்டு எடுக்கச் சொல்வோம். செய்ய வேண்டியது வீட்டார்தான். குழந்தை அழும், பாட்டி திட்டுவார், அம்மாவுக்குக் கை நடுங்கும். இதை விட்டுவிட்டால் துவாரம் சுருங்கி, சில சமயம் ஆபரேஷனையே மறுபடி செய்ய நேரும். மாதக்கணக்கில் செய்ய வேண்டும், வீட்டில் இருவர் கற்றுக்கொள்வது நல்லது.

இப்போதைய கவனிப்புக்கு வருகிறேன். சிவப்பாக, ஈரமாகத் தெரிவது குடலின் உள்பக்கம். துடைக்கும்போது ஓரிரு சொட்டு ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்த்தி, சுற்றியுள்ள தோலில் துத்தநாகக் களிம்பு தடவுங்கள். பை கட்டுப்படியானால் பை போடலாம். இல்லையென்றால் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துணியை மடித்துக் கட்டி, நனைந்ததும் மாற்றினால் போதும். எங்களிடம் வரும் பல குடும்பங்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், தோலும் நன்றாகவே இருக்கிறது. குடல் நீளமாக வெளியே பிதுங்கினாலோ, நிறம் கறுத்தாலோ, மலம் நின்று வயிறு உப்பினாலோ உடனே வாருங்கள்.

இரண்டு நாள் கவனிக்காததைப் பற்றி: பிறந்த குழந்தையின் பின்பக்கத்தைப் பார்ப்பது ஒரு நொடி வேலை. பெண் குழந்தைகளில் இன்னொரு சிக்கல். மலம் பிறப்புறுப்புக்கு அருகே ஒரு சின்னத் துவாரம் வழியாகப் போய்க்கொண்டிருக்கும், டயப்பரில் மலம் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மாதங்கள் கழித்து மலச்சிக்கல் என்று வருவார்கள். குளிப்பாட்டும்போது ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.

கேள்வி (தேனி, தாய்மாமன், மறுபடி): மதுரை வந்துவிட்டோம் மேடம். வயிற்றில் காற்று தெரிகிறது, ஈகோ (இதய ஸ்கேன்) நார்மல் என்றார்கள். ஆனால் ஆபரேஷன் நாளைக் காலையில்தானாம். ஏன் இப்போதே செய்யவில்லை?

பதில்: நல்ல செய்தி இரண்டு சொல்லியிருக்கிறீர்கள். வயிற்றில் காற்று இருந்தால் கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு சேர்ந்திருக்கிறது, இந்த வகையில் பெரும்பாலும் இரண்டு முனையும் எட்டும் தூரத்தில் இருக்கும். ஈகோ நார்மல் என்பது அதைவிடப் பெரியது.

மூச்சு சீராக இருந்தால் இது நிமிடக் கணக்கு அவசரம் இல்லை. ராத்திரி அரைகுறை ஆட்களோடு செய்வதைவிட, சளியை உறிஞ்சி, சூடாக்கி, ரத்தம் தயார் செய்து, பச்சிளங்குழந்தை மயக்க மருந்தில் பழகியவர் இருக்கும்போது காலையில் செய்வதையே நானும் விரும்புவேன். ஆபரேஷன் முடிந்து ஏழெட்டு நாளில் தையல் கசிகிறதா என்று சாய எக்ஸ்ரே எடுப்பார்கள், அதற்கு அப்புறம்தான் வாய்வழிப் பால். இதற்கிடையில் அக்காவைப் பாலைப் பீய்ச்சச் சொல்லுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. குழந்தை குடிக்கவில்லையே என்று விட்டால் சுரப்பு நின்றுவிடும். பீய்ச்சிய பாலை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்க வேண்டாம், வார்டு ஃப்ரிட்ஜில் பெயரும் நேரமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கோவை, அப்பா): எங்கள் மகளுக்கும் இதே ஆபரேஷன் நடந்தது. இப்போது பத்து மாதம். இருமினால் கரகரவென்று வித்தியாசமான சத்தம். இட்லி கொடுத்தால் திணறுகிறாள்.

பதில்: சத்தம் மூச்சுக்குழாய்ச் சுவர் மென்மையாக இருப்பதால் வருவது, இவர்களுக்குச் சகஜம், பெரும்பாலும் வளர வளரக் குறையும். திணறல் வேறு விஷயம். தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் பார்த்து விரித்துவிடுவார்கள், சில குழந்தைகளுக்குப் பல தடவை தேவைப்படும். அதுவரை இட்லியைக் குழைத்து ரசத்தில் கரைத்துக் கொடுங்கள். சாப்பிடும்போது நீலமானால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு, அப்பா): இரண்டு நாள் குழந்தைக்கு வலி தெரியுமா? மயக்க மருந்து மூளையைப் பாதிக்காதா?

பதில்: நன்றாகத் தெரியும். மருத்துவ உலகம் இதை ஒத்துக்கொள்ள வெகுகாலம் ஆனது வெட்கக்கேடு. 1980-கள் வரைகூடப் பல இடங்களில் பச்சிளம் குழந்தைகளுக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தும் மிகக் குறைந்த மயக்கமும் மட்டும் கொடுத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், வலி உணரும் அளவுக்கு நரம்பு வளரவில்லை என்ற நம்பிக்கையில். வலி நிவாரணம் கொடுத்தால் குழந்தைகள் ஆபரேஷனைத் தாங்கும் விதமே மாறுகிறது என்று 1987-இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் சக ஆய்வாளர்களும் காட்டிய பிறகுதான் நிலைமை திரும்பியது.

மூளையைப் பொறுத்தவரை, கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒரே ஒரு மயக்கம், ஐந்து வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் காட்டவில்லை என்று 2019-இல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு சொன்னது. மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது, திரும்பத் திரும்பக் கொடுப்பது பற்றித்தான் எச்சரிக்கை உண்டு. அதனால் தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன்களைத் தள்ளிப்போடுகிறோம். மூடிக்கிடக்கும் உணவுக்குழாயைத் தள்ளிப்போட முடியாது.

கேள்வி (விழுப்புரம், அம்மா): மகனுக்கு உதடு பிளந்திருக்கிறது. நான் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் என்று வீட்டில் தினமும் பேச்சு. சொந்தத்தில் கட்டியதால் என்கிறார்கள் என் பக்கத்தார்.

பதில்: மேல் உதடு கருவில் ஏழு வாரத்துக்குள் ஒட்டி முடிகிறது. நீங்கள் கர்ப்பம் என்று வீட்டுக்குத் தெரியவந்த நேரத்தில் உதடு அநேகமாக உருவாகி முடிந்திருக்கும். கிரகணம் எந்த மாதம் வந்தது என்று மாமியாரிடமே கணக்குக் கேளுங்கள். கேட்டு ஜெயிக்க முடியாது என்று தெரியும், இருந்தாலும் கேளுங்கள்.

சொந்தத்தில் கட்டுவது வெறும் வீட்டுப் பேச்சு இல்லை. எந்தத் தம்பதிக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் ஏதாவது பெரிய பிறவிக் குறையோடு பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் இது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் நூற்றில் தொண்ணூற்றுக்கு மேல் நல்லபடியாகவே பிறக்கின்றன. உங்கள் ஒரு குழந்தைக்கு இதுதான் காரணம் என்று யாராலும் கைகாட்ட முடியாது.

உதட்டுக்கு மூன்று மாதம் வாக்கில் ஆபரேஷன். அண்ணமும் (வாயின் மேல்கூரை) பிளந்திருந்தால் அதற்கு ஒரு வயதை ஒட்டி, பேச்சு வருவதற்குள். அங்கன்வாடிக்கு வரும் பரிசோதனைக் குழுவிடம் சொன்னால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், செலவில்லாமல் நடக்கும்.

கேள்வி (சென்னை, அம்மா): 20 வார ஸ்கேனில் உதரவிதானத்தில் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) ஓட்டை, குடல் மார்புக்குள் ஏறியிருக்கிறது என்கிறார்கள். கலைத்துவிடச் சொல்கிறார் ஒருவர், வைத்துக்கொள்ளச் சொல்கிறார் இன்னொருவர்.

பதில்: அந்த முடிவு உங்களுடையது அம்மா, முடிவெடுக்கத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். ஓட்டையைத் தைப்பது கஷ்டமில்லை. குடல் அழுத்தி வளராமல் போன நுரையீரல்தான் பிரச்சினை. வசதியான மையங்களில் உயிரோடு பிறப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பிழைக்கிறார்கள். உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்பதைக் கணிக்க மூன்று விஷயம் கேளுங்கள்: கல்லீரலும் மேலே ஏறியிருக்கிறதா, நுரையீரலின் அளவு என்ன, இதயத்திலோ குரோமோசோமிலோ வேறு குறை உண்டா. கருவின் ஈகோவும் பனிக்குட நீர்ப் பரிசோதனையும் இதற்குத்தான். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி, கருவில் தீவிரக் குறை இருந்தால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழு அனுமதியோடு முடிவெடுக்கலாம். அதனால் நாளைக்கே சொல்லுங்கள் என்று யாராவது நெருக்கினால் பணிய வேண்டாம். ஆனால் பரிசோதனைகளை இந்த வாரமே தொடங்குங்கள்.

வைத்துக்கொள்வது என்றால், பிறந்ததும் முகமூடி வைத்துக் காற்றடிக்காமல் நேராகத் தொண்டையில் டியூப் போடத் தெரிந்த இடத்தில், குழந்தை அறுவை பிரிவும் உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் வையுங்கள். பிறந்த பிறகு மாற்றுவது இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது.

கேள்வி (தஞ்சாவூர், பாட்டி): பேரனுக்குத் தொப்புள் புடைத்திருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயம் வைத்துக் கட்டியிருக்கிறோம். இப்போது அடிவயிற்றில் தொடை இடுக்கிலும் அழும்போது புடைக்கிறது.

பதில்: நாணயத்தை எடுத்துவிடுங்கள் பாட்டி, தோல்தான் புண்ணாகும். தொப்புள் புடைப்பு பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். தொடை இடுக்கில் வருவது குடலிறக்கம், அது தானாக மூடாது. குடல் அதில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து முதல் வருடத்தில் அதிகம். இந்த வாரமே காட்டித் தேதி வாங்கிவிடுங்கள். அதற்குள் புடைப்பு கல்லாக இறுகி, உள்ளே போகாமல், குழந்தை விடாமல் அழுது வாந்தி எடுத்தால் அன்றே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.