கிடார் அரைக் கட்டை இறங்கினால் சாக்ஸபோன் என்ன செய்யும்?

கேள்வி: மூன்று வருடமாக ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் ராக் பேண்டில் கிடார், பேஸ் இரண்டையும் அரைக் கட்டை இறக்கித்தான் ட்யூன் செய்கிறார்கள். மவுத்பீஸை எவ்வளவு வெளியே இழுத்தாலும் சேரவே மாட்டேன் என்கிறது. என் வாத்தியத்தை எப்படி இறக்குவது?

பதில்: இறக்க முடியாது. முதல் வேலையாக அந்த மவுத்பீஸைக் கார்க்கில் பழைய இடத்துக்கே தள்ளிவிடுங்கள்.

கிடார்காரருக்குக் கம்பியைத் தளர்த்தினால் போதும், ஃபிரெட்டுகளின் கணக்கு அப்படியே இருக்கும். சாக்ஸில் அரைக் கட்டை இறங்க வேண்டுமென்றால் குழாய் கிட்டத்தட்ட 6 சதவீதம் நீள வேண்டும், அதோடு ஒவ்வொரு துளையும் அதே விகிதத்தில் நகர வேண்டும். நீங்கள் மவுத்பீஸை இழுக்கும்போது எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே சில மில்லிமீட்டர்தான் கூடுகிறது. எல்லா விரலையும் எடுத்துவிட்டு ஊதும் நடு சி ஷார்ப்புக்கு ஒலிக்கும் குழாய் குட்டையானது என்பதால் அது நன்றாக இறங்கிவிடும், அடுத்து ஆக்டேவ் சாவியோடு எல்லா விரலையும் மூடி ஊதும் டி அந்த அளவுக்கு அசையாது. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்கு நடுவே பள்ளம் விழுந்துவிடும். உதட்டால் சரிசெய்கிறேன் என்று போனால் அரை மணி நேரத்தில் தாடை வலிதான் மிச்சம்.

ஆக, வாத்தியம் அப்படியே இருக்கட்டும், ஸ்கேலை மாற்றுங்கள். இதில் உங்களுக்கு லாபம்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆல்டோவில் சி என்று பிடித்து ஊதினால் காதில் விழுவது ஈ ஃபிளாட், அதனால்தான் உங்கள் ஸ்கேலின் பெயர் கிடாரின் பெயரிலிருந்து வேறுபடுகிறது. சாதாரண ட்யூனிங்கில் கிடார்காரர் ஏ மேஜர் என்றால் ஆல்டோவுக்கு அது எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். ஈ மேஜர் என்றால் சி ஷார்ப் மேஜர், ஏழு ஷார்ப், சொல்லவே வேண்டாம். அவர் அரைக் கட்டை இறக்கிவிட்டு அதே ஏ கார்டைப் பிடித்தால் உங்களுக்கு எஃப், ஒரே ஒரு ஃபிளாட். அவருடைய ஈ உங்களுக்குச் சி. ஜி என்றால் ஈ ஃபிளாட், டி என்றால் பி ஃபிளாட், பி என்றால் ஜி. இந்த ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டாண்டில் ஒட்டி வையுங்கள், பெரும்பாலான பாட்டுகள் அதிலேயே ஓடிவிடும். டெனர் சாக்ஸ் வாசிப்பவர் என்றால் இன்னும் சுலபம், கிடார்காரர் சொல்வதிலிருந்து அரைக் கட்டை மேலே, அதாவது ஈ என்றால் எஃப்.

உண்மையான தலைவலி பேச்சில்தான். கிடார்காரர் ஈ என்று சொல்வது கை பிடிக்கும் கார்டின் பெயர், காதில் விழுவது ஈ ஃபிளாட், நீங்கள் ஊதுவது சி. கீபோர்டு வாசிப்பவர் ஒருவரும் இருந்துவிட்டால் ஒரே ஸ்வரத்துக்கு மூன்று பெயர், ஒத்திகையில் பாதி நேரம் அதிலேயே போய்விடும். நான் சொல்லும் வழி கட்டைக் கணக்கு: ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, மூன்று கட்டை ஈ. இரண்டரைக் கட்டை என்றால் யார் எப்படிப் பிடித்தாலும் அது ஈ ஃபிளாட்தான், குழப்பமே கிடையாது.

எவ்வளவு இறக்கியிருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 'டிராப் டி' என்று சொன்னதை மொத்தமாக ஒரு கட்டை இறக்கியதாக நினைத்து, ஒரு ராத்திரி முழுக்க எல்லா பாட்டையும் நான் மாற்றி எழுதிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். டிராப் டியில் இறங்குவது அடிக்கம்பி ஒன்றுதான், கார்டுகளின் ஒலி மாறுவதில்லை. எல்லா கம்பியும் ஒரு கட்டை இறங்கியிருந்தால் அவருடைய ஈ ஆல்டோவுக்கு பி ஆகும். டெனர்காரருக்கு அன்று திருவிழா, கிடார் ஈ என்றால் அவருக்கும் ஈயே. கிடார், டெனர் இரண்டும் பி ஃபிளாட் வாத்தியம் ஆகிவிடுகின்றன, அதாவது சி என்று பிடித்தால் ஒலிப்பது பி ஃபிளாட்.

சுருதி சேர்க்கும்போது கிடாரின் அடிக்கம்பியை நம்பாதீர்கள். தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் சத்தம் முதலில் கொஞ்சம் மேலே எகிறி அப்புறம்தான் இறங்கி நிற்கும், எதோடு சேர்ப்பீர்கள்? டிஸ்டார்ஷனை நிறுத்தச் சொல்லி, முதல் கம்பியில் ஆறாவது ஃபிரெட்டை மெதுவாக மீட்டச் சொல்லுங்கள். அரைக் கட்டை இறக்கிய கிடாரில் அது 440 ஹெர்ட்ஸ் ஏ. நீங்கள் ஆக்டேவ் சாவியோடு எஃப் ஷார்ப் ஊதினால் அதே சுருதி. இங்கே மவுத்பீஸைத் துளி முன்பின் நகர்த்தலாம், அதற்குத்தான் அது இருக்கிறது. ஊதிச் சூடான பிறகு சேருங்கள், குளிர்ந்த சாக்ஸ் இறங்கியே நிற்கும். டியூனரில் ஏ-யின் அளவை 432-க்கு மாற்றி வைத்திருக்கும் ஆசாமி யாராவது இருந்தால் 440-க்குக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ரிஃப்போடு (கிடாரில் திரும்பத் திரும்ப வரும் சின்ன வரி) சேர்ந்து வாசிக்கும் ஆசை இருந்தால் ஆல்டோவின் கீழ்ச் சி-யைப் பிடியுங்கள். அவருடைய திறந்த அடிக்கம்பிக்குச் சரியாக ஒரு ஆக்டேவ் மேலே அது. சாதாரண ட்யூனிங்காக இருந்தால் அங்கே கீழ்ச் சி ஷார்ப் வந்திருக்கும், இடது கைச் சுண்டுவிரல் அந்தச் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். இப்போது வலது கைச் சுண்டுவிரலோடு வேலை முடிந்தது.