அதிகம் பேசப்படாத மேற்கத்திய செவ்வியல் கலைஞர்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் யார்?

ரைன்பெர்ட் டி லேவ். 1938-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, 2020 பிப்ரவரியில் அங்கேயே காலமான டச்சு இசையமைப்பாளர், பியானோ கலைஞர், இசைக்குழு நடத்துநர் (கண்டக்டர்).

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் ஆரம்பகாலப் பியானோ இசையை இவர் 70-களில் பதிவு செய்திருக்கிறார். எனக்கு இவர் அறிமுகமானது அதில்தான். மற்றவர்களைவிட மிக மெதுவாக வாசிப்பார். ஒரு சுரம் அடங்கும்வரை அடுத்ததைத் தொட மனமில்லாதவர் போல இருக்கும். முதலில் எனக்குப் பொறுமை இல்லை. மூன்றாவது முறை கேட்டபோது இடையில் வரும் அந்த மௌனத்துக்காகவே காத்திருந்தேன்.

இதே மனிதர்தான் 1969 நவம்பர் 17 அன்று ஆம்ஸ்டர்டாமின் கன்சர்ட்கெபௌ அரங்கில் ஒரு கச்சேரியையே நிறுத்தியவர்களில் ஒருவர். லூயி ஆண்ட்ரீசன், பீட்டர் ஸ்காட், மிஷா மெங்கல்பெர்க் போன்ற இளம் இசையமைப்பாளர்களும் கூட இருந்தார்கள். மேடையில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் பெர்னார்ட் ஹைடிங்க். வாசிப்பு தொடங்கியதும் இவர்கள் கையிலிருந்த பொம்மைகளை டக் டக்கென்று அழுத்தி ஓசை எழுப்பினார்கள். நாட்டின் முதன்மை ஆர்கெஸ்ட்ரா இன்றைய இசையை ஏன் ஒதுக்குகிறது, பொதுவில் விவாதிப்போம் வாருங்கள் என்பதுதான் கோரிக்கை. இவர்களை அரங்கிலிருந்து வெளியேற்றினார்கள்.

எனக்கு அவரிடம் பிடித்ததே அதற்கு அப்புறம் செய்ததுதான். கூச்சலோடு நின்றுவிடவில்லை. 1974-இல் ஹேக் நகர இசைக் கல்லூரி மாணவர்களோடு ஷோன்பெர்க் குழுமம் என்ற இசைக்குழு உருவானபோது அதன் தலைமையை ஏற்று, பல பத்தாண்டுகள் நடத்தினார். மெசியான், லிகெட்டி, ரஷ்யாவின் கலினா உஸ்ட்வோல்ஸ்கயா, கனடாவின் க்ளோட் விவியே என்று இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் ஒவ்வொருவருக்காகவும் மேடையில் வாதாடினார் என்றே சொல்வேன்.

அந்த உழைப்புக்கு நடுவே அவருடைய சொந்தப் படைப்புகள் மிகக் குறைவு. 1973-இல் முடித்த ‘அப்ஷீட்’ (விடைபெறுதல்) என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்புக்குப் பிறகு, ஜெர்மானியக் கவிஞர் ஹோல்டர்லினின் கவிதையை வைத்து அடுத்த பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்பை எழுதியது 2013-இல். நாற்பது ஆண்டு இடைவெளி! இன்னும் நிறைய எழுதியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

கேட்க விரும்பினால் சாட்டியில் தொடங்குங்கள். அடுத்து, ஷூபர்ட், ஷூமன் பாடல்களை 2003-இல் அவர் மறுபடி நெய்து, நடிகை பார்பரா சுகோவா பாடியும் பேசியும் தந்த தொகுப்பு. பிறகு 2017-இல் மூன்று வட்டுகளாக வந்த, ஹங்கேரிய இசையமைப்பாளர் கூர்டாக்கின் படைப்புகள். கூர்டாக்கை மட்டும் இரவில், ஹெட்போனில் கேளுங்கள்.