கனடா பிஆர் கையில இருக்கு, பக்கத்து நாட்டுக்கு விசா எதுக்கு? சேலத்துக்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

வணக்கம்ங்க. 12 வருசம் டொரண்டோ பக்கத்துல மிஸிசாகால குப்ப கொட்டிட்டு இப்ப ஏற்காட்டுல மிளகு காய வச்சிட்டு இருக்கேன். நான் வக்கீலும் இல்ல ஏஜென்ட்டும் இல்ல, அங்கங்க மாட்டி முழிச்சுக் கத்துக்கிட்டதுதான் எல்லாம். வெளிய மழை பிச்சு ஊத்துது, கரண்டு இருக்கற வரைக்கும் கேளுங்க.

அஸ்தம்பட்டி அக்கா: பையனுக்கு கனடா பிஆர், அதான் அங்க நிரந்தரமா தங்கற உரிமை, வந்து எட்டு மாசம் ஆச்சு. நயாகராவுல அமெரிக்கா சைடும் பாக்கணும்கறான். பிஆர் கார்ட காட்டுனா விட்ருவாங்கதான?

விடமாட்டாங்கக்கா. பிஆர் கார்டு கனடாவுக்குள்ள வர்றதுக்குத்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறவன் பாக்கறது பாஸ்போர்ட்ட, அது இந்தியா பாஸ்போர்ட்டு, அப்ப பி1/பி2ங்கற விசிட்டர் விசா வேணும். கூட வேல செய்யற கனடா சிட்டிசன் பையன் சனிக்கிழமையான கார எடுத்துட்டு அமெரிக்கா சைடுல இருக்கற பஃபலோ போய் ஷாப்பிங் பண்ணிட்டு வருவான், அதப் பாத்துத்தான் இவங்களும் போலாம்னு நெனச்சுக்கறாங்க, அவன் கதை வேற. அருவிய முழுசா எதுக்க நின்னு பாக்கணும்னா கனடா சைடுதான் நல்லாருக்கும், அதையும் பையன்கிட்ட சொல்லிடுங்க.

ஓமலூர் தம்பி: அண்ணா நானும் கனடா பிஆர்தான், இப்ப லீவுல ஊருக்கு வந்துருக்கேன். அமெரிக்க விசாவ சென்னைல போடறதா, டொரண்டோவுலயா?

2025 செப்டம்பர்ல இருந்து சொந்த நாட்லயோ குடியிருக்கற நாட்லயோதான் அப்ளை பண்ணச் சொல்றாங்க, உனக்கு ரெண்டும் பொருந்தும். எங்க தேதி சீக்கிரம் கெடைக்குதோ அங்க போடு, ஆனா விசாவுக்கு ஆன்லைன்ல போடற டிஎஸ் 160 ஃபார்ம ஆரம்பிக்கறப்பவே எந்த ஊருன்னு கேப்பான், அதுல சென்னைன்னு போட்டுட்டு அப்பறம் டொரண்டோவுல போய் நின்னா தேவயில்லாத கொழப்பம். ஃபீஸ் 185 டாலர், ரிஜெக்ட் ஆனா திரும்பி வராது. ஃபார்ம் பாதில லாக் அவுட் ஆயிடும், அதனால மொதல் பக்கத்துலயே ஒரு அப்ளிகேஷன் ஐடி குடுப்பான் பாரு, அத ஒரு பேப்பர்ல எழுதி வச்சிக்க. போட்டோல கண்ணாடி போடக்கூடாது, அஞ்சு வருசமா வச்சிருக்கற சோசியல் மீடியா ஐடி எல்லாம் கேப்பான், மறைக்காத.

அப்பறம் நம்மாளுங்களுக்குன்னே ஒரு எடம் இருக்கு, பேரு. நம்மள்ல பாதிப்பேருக்கு பாஸ்போர்ட்டுல சர்நேம் காலியா இருக்கும், இனிஷியலோட நின்னுரும். அப்படி இருந்தா டிஎஸ் 160ல உன் பேர சர்நேம் கட்டத்துல போட்டு, கிவன் நேம் கட்டத்துல எஃப்என்யூன்னு போடணும், மொதல் பேரு தெரியாதுன்னு அர்த்தம். எங்கம்மா வச்ச பேரு தெரியாதான்னு எனக்கு அன்னைக்கு சிரிப்பு வந்துச்சு, விசால அப்படியேதான் அடிச்சுக் குடுத்தாங்க. டிக்கெட் போடறப்பவும் பாஸ்போர்ட்டயும் விசாவயும் பக்கத்துல வச்சிட்டுப் போடு.

சூரமங்கலம் அப்பா ஒருத்தர்: இன்டர்வியூவுக்கு வீட்டுப் பத்திரம், பட்டா எல்லாம் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்றா மக. அனுப்பட்டுங்களா?

உங்க பேர்ல இருக்கற பத்திரம் அவங்களுக்கு எதுக்குங்கய்யா. அவங்க சந்தேகமே இந்தப் பொண்ணு அமெரிக்காவுலயே தங்கிருமோங்கறதுதான், அப்ப கனடாவுக்குத் திரும்பி வருவாங்கறத காட்டணும். வேல லெட்டர், சம்பள ஸ்லிப்பு, வாடகை அக்ரிமெண்ட்டு, அங்க கட்டுன டேக்ஸ். எல்லாம் ஃபைல்ல இருக்கட்டும், ஆனா ரெண்டு மூணு நிமிசம் வாய்ல கேக்கறதோடயே முடிஞ்சிரும், எனக்கு ஒரு பேப்பர் கூட வாங்கிப் பாக்கல. பேசறதுதான் முக்கியம். எதுக்குப் போற, எத்தன நாளு, யார் காசு, இதுக்கு நேரா பதில் சொன்னாப் போதும்.

ஆத்தூர்ல இருந்து ஒருத்தர்: படிக்கறப்ப எஃப்1, அதான் அமெரிக்க ஸ்டூடண்ட் விசா, ரிஜெக்ட் ஆச்சு. ஏஜென்ட்டு அத ஃபார்ம்ல போடவேணாம்கறாரு.

அந்த ஏஜென்ட்ட மொதல்ல மாத்துங்க. அது அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்குங்க. பழைய ரிஜெக்ட்டால மட்டும் ஒண்ணும் ஆயிடாது, பொய் சொன்னது தெரிஞ்சா ஆயுசுக்கும் தடை விழும்.

ஃபேர்லேண்ட்ஸ் அம்மா: நாங்க கனடாவுல பையன் வீட்டுக்கு சூப்பர் விசால, அதான் அப்பா அம்மாவுக்குக் குடுக்கற விசிட்டர் விசால போறோம், அங்கிருந்தே அமெரிக்காவுல இருக்கற மகளையும் பாத்துட்டு வரலாமா?

பாக்கலாம்மா, ஆனா அமெரிக்க விசாவ இங்க சென்னைலயே வாங்கிட்டுக் கெளம்புங்க. நீங்க அங்க விசிட்டர்தான், குடியிருக்கறவங்க கணக்குல வரமாட்டீங்க.

பேர் சொல்லாத ஒருத்தர்: கனடா பிஆர். மெக்சிகோ கான்கூன் போக விசா வேணாம்னு சொல்றாங்களே நெசமா?

நெசந்தான், பாஸ்போர்ட்டும் பிஆர் கார்டும் செல்லுபடியாகற மாதிரி இருந்தாப் போதும். கூத்து டிக்கெட்லதான் இருக்கு. நூறு டாலர் கம்மின்னு அமெரிக்கா வழியா மாறிப் போற டிக்கெட்ட எடுத்தீங்கன்னா அங்க ஃபிளைட் மாறுறதுக்கே அமெரிக்க விசா வேணும், ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராட்டியும் வேணும். என்கூட இருந்த ஒரு குடும்பம் புள்ளைங்க ஸ்விம்மிங் டியூப் மொதக்கொண்டு பெட்டில வச்சிட்டு போய் செக்கின்லயே திரும்பி வந்தாங்க. டைரக்ட் ஃபிளைட்டா பாத்து எடுங்க.

குகை தம்பி: அமெரிக்காவுல கிரீன் கார்டு, கனடா போகணும்.

2022 ஏப்ரல் 26ல இருந்து கிரீன் கார்டும் பாஸ்போர்ட்டும் போதும், ஈடிஏன்னு ஆன்லைன்ல வாங்கற அனுமதியும் வேணாம். உங்களுக்கு சுளுவு, எங்களுக்குத்தான் சுத்து.

அம்மாபேட்டை அக்கா: தங்கச்சி லண்டன்ல ஐஎல்ஆர், அதான் அங்க நிரந்தரமா தங்கற அனுமதி. பெல்ஃபாஸ்ட் போயிட்டு அப்படியே கார்ல டப்ளின் போலாம், ரோட்டுல செக்கிங்கே இல்லேங்கறா.

கேட்டு இல்லேங்கறதுக்காக அடுத்தவன் தோட்டத்துக்குள்ள போலாமாக்கா? பெல்ஃபாஸ்ட் இருக்கற வடக்கு அயர்லாந்து பிரிட்டனோட சேந்தது, டப்ளின் இருக்கற அயர்லாந்து வேற நாடு. ஐஎல்ஆர் இருந்தாலும் இந்தியா பாஸ்போர்ட்டுக்கு ஐரிஷ் விசா வாங்கணும். ஐரோப்பாவுல நெறைய நாட்டுக்குப் பொதுவா குடுக்கற ஷெங்கன் விசாவும் அங்க செல்லாது.

ஏற்காடு, நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்: பொண்ணு பிரசவத்துக்கு வந்துருக்கா, கனடா பிஆர் கார்டு அடுத்த மாசம் முடியுது. பிஆர் போயிருமா?

கார்டு முடிஞ்சா பிஆர் போகாதுங்க, அஞ்சு வருசத்துல 730 நாள் அங்க இருந்துருக்கணும், அதான் கணக்கு. ஆனா கார்டு இல்லாம ஃபிளைட்ல ஏத்தமாட்டாங்க. நான் இதுலதான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அப்பா காரியத்துக்கு அவசரமா வந்தேன், கார்டு தேதியப் பாக்கல, திரும்பறதுக்கு மூணு நாள் முன்ன பர்ஸ்ல இருந்து எடுத்துப் பாத்தா பதினோரு நாள் முன்னாடியே முடிஞ்சிருக்கு. அப்பறம் கார்டு இல்லாதவங்க திரும்பிப் போறதுக்குக் குடுக்கற பிஆர் டிராவல் டாக்குமெண்ட்டுக்குப் போட்டு, பழைய பாஸ்போர்ட்டுல இருந்த சீலெல்லாம் எண்ணி எந்த நாள் எங்க இருந்தேன்னு எழுதி, டிக்கெட் காசும் போச்சு. பொண்ண தேதிக்குள்ள போக முடியுமான்னு பாக்கச் சொல்லுங்க, முடியலன்னா அந்த டாக்குமெண்ட்டுக்கு இப்பவே தயார் பண்ணச் சொல்லுங்க.

அஸ்தம்பட்டி அக்கா திரும்ப: அப்ப சிட்டிசன் ஆகற வரைக்கும் பொறுத்துட்டா விசாவே வேணாம்ல?

வேணாந்தான், ஆனா அதுக்கு 1095 நாள் அங்க இருந்துருக்கணும், அப்பறம் பரிச்சை, சத்தியம் பண்றது. இப்ப விசா கெடச்சா பத்து வருசத்துக்குக் குடுக்கறாங்க, நானா இருந்தா இப்பவே போட்டுருவேன். இன்னொண்ணு, சிட்டிசன் ஆனா இந்தியா பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணணும்க்கா, அப்பறம் உங்களப் பாக்க அஸ்தம்பட்டிக்கு வர்றதுக்கு வெளிநாட்டுக் குடிமகனான இந்தியருக்குக் குடுக்கற ஓசிஐ கார்டோ விசாவோ எடுத்துட்டுத்தான் வரணும்.