எந்த மெடல் யாருக்கு? நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகள்

பட்டாளத்தில் நான் துப்பாக்கி பிடித்ததைவிட பேனா பிடித்ததுதான் அதிகம். சிப்பாய்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் பழைய பெட்டியிலிருந்து மெடல் கிடைத்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் போட்டோ எடுத்து எனக்குத்தான் அனுப்புகிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றை ஊர்ப் பெயரோடு மட்டும் போட்டுப் பதில் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர். நட்சத்திர வடிவில் இரண்டு மெடல், வட்டமாக ஒன்று இருக்கிறது. வட்ட மெடலின் பின்பக்கம் சிங்கம் எதையோ மிதித்துக்கொண்டு நிற்கிறது. இதெல்லாம் வீரத்துக்குக் கொடுத்ததா?

இல்லை தம்பி. மூன்றுமே 'போனார், இருந்தார்' என்பதற்குக் கொடுத்தவை. சிங்கம் மிதிப்பது இரட்டைத் தலை டிராகனை. அது வார் மெடல் 1939-45. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 28 நாள் படையில் இருந்தாலே அதற்குத் தகுதி வந்துவிடும். நட்சத்திரங்களில் ஒன்று பர்மா ஸ்டாராக இருக்கும். ரிப்பன் இருந்தால் பாருங்கள்: நடுவில் அகலமாகச் சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. தரைப்படைக்காரர் 11 டிசம்பர் 1941 முதல் 2 செப்டம்பர் 1945 வரையிலான காலத்தில் பர்மா போர்க்களத்துக்குள் ஒரு நாள் பணியில் இருந்திருந்தாலும் அது கிடைத்தது. மற்றது 1939-45 ஸ்டார். அதற்குப் பொது விதி ஆறு மாதம் போர்முனைப் பணி.

ஒரு நாள்தானா என்று குறைவாக நினைக்க வேண்டாம். அந்த ஒரு நாளுக்கு அந்தக் காட்டுக்குள் போய்ச் சேர வேண்டுமே.

ராதாபுரம்: 1971 சண்டையின்போது அப்பா ராஜஸ்தானில் சப்ளை டிப்போவில் இருந்தார். அவருக்கு சங்கிராம் மெடல் மட்டும் வந்தது. பக்கத்துத் தெரு மாமாவுக்கு பஸ்சிமி ஸ்டாரும் இருக்கிறது. அப்பாவுக்கு அநியாயம் நடந்ததா?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். எத்தனை வீட்டில் இதனால் மனஸ்தாபம் வந்திருக்கிறது!

1971-க்கு மூன்று மெடல்கள் உண்டு. கிழக்கே வங்கதேசப் போர்முனைக்கு பூர்வி ஸ்டார். மேற்குப் போர்முனைக்கு பஸ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடலின் வலை இன்னும் அகலம்: 3 டிசம்பர் 1971 முதல் 20 டிசம்பர் 1972 வரை, ராஜஸ்தான், பஞ்சாப், குஜராத் போன்ற குறிப்பிட்ட மாநிலங்களில் பணியில் இருந்தவர்களுக்கெல்லாம் அது உண்டு. போலீஸ்காரர்களுக்கும், அரசுப் பணியில் இருந்த சிவிலியன்களுக்கும்கூடக் கொடுத்தார்கள். ஸ்டாருக்கு அந்தத் தாராளம் கிடையாது. போர்முனை என்று வரையறுத்த பகுதிக்குள், குறிப்பிட்ட தேதிகளுக்குள், அந்த யூனிட்டின் பட்டியலில் பெயர் இருந்திருக்க வேண்டும். மாநிலம் ராஜஸ்தான் என்பது மட்டும் போதாது. டிப்போ அந்தப் பகுதியின் எல்லைக்கு வெளியே இருந்திருந்தால் சங்கிராமோடு சரி.

ஆனால் நடுவில் அப்பாவை டிப்போவிலிருந்து முன்வரிசை யூனிட்டுக்கு அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகப் பணிக்கு, அனுப்பியிருந்தால் கதையே வேறு. அப்படிப் போனது பார்ட் டூ ஆர்டரில், அதாவது ஆட்களின் இடமாற்றம் போன்றவற்றை யூனிட் பதிவு செய்யும் ஆணையில், ஏறியிருக்க வேண்டும். முதலில் டிஸ்சார்ஜ் புக்கில், அதாவது பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுத்த புத்தகத்தில், மெடல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஸ்டார் என்று எழுதியிருந்து, கையில் மெடல் இல்லை என்றால், அது சேர வேண்டிய மெடல், தாராளமாகக் கேட்கலாம். சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் நான்கையும் எழுதி, டிஸ்சார்ஜ் புக் நகலோடு ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்புங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. சப்ளை டிப்போ ஆர்மி சர்வீஸ் கோரைச் சேர்ந்தது. எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்பது டிஸ்சார்ஜ் புக்கிலேயே முத்திரையில் இருக்கும். 'எங்கள் அப்பா நாட்டுக்காக உழைத்தவர்' என்று இரண்டு பக்கம் எழுதினால் கிளார்க் படிக்க மாட்டான். நானும் படித்ததில்லை. நம்பரைத்தான் தேடுவேன்.

தாமதிக்க வேண்டாம். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் கோப்பு என்றால் 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். லாங் ரோல் என்ற பதிவேட்டில் ஒரு வரிதான் மிஞ்சும்.

தென்காசி: 1962 சீனச் சண்டைக்கு மெடலே இல்லை என்கிறார்களே?

தனி மெடல் இல்லை. ஜெனரல் சர்வீஸ் மெடல் 1947-லேயே 'லடாக் 1962', 'நேஃபா 1962' (நேஃபா என்பது இன்றைய அருணாசலப் பிரதேசம்) என்று ரிப்பன் மேல் ஒரு பட்டை போட்டுக் கொடுத்தார்கள். அதைத்தான் கிளாஸ்ப் என்பது. மெடல் பொதுவானது, எந்தச் சண்டை என்பதைச் சொல்வது பட்டைதான். பட்டை கழன்று விழுந்த மெடலை வைத்துக்கொண்டு தாத்தா கோவாவுக்குப் போனாரா லடாக்குக்குப் போனாரா என்று சண்டை போடும் குடும்பங்கள் உண்டு.

வள்ளியூர்: நான் லடாக்கில் லே பக்கம் இரண்டு தடவையாகப் பிரிந்து பிரிந்து இருந்தேன். ஹை ஆல்டிட்யூட் மெடலுக்கு நாள் சேருமா?

சேரும். 9,000 அடிக்கு மேல் மொத்தம் 180 நாள். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. சியாச்சின் மெடல் வேறு, இதோடு குழப்ப வேண்டாம்.

களக்காடு: என் வீட்டுக்காரர் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தார். அதற்கு மெடல் உண்டா அண்ணாச்சி?

உண்டு தங்கச்சி. 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை நடந்த அந்தப் பணிக்கு, ஸ்பெஷல் சர்வீஸ் மெடலில் 'ஸ்ரீலங்கா' கிளாஸ்ப். நம் பக்கம் அதை வாங்கியவர்கள் பலர் சட்டையில் குத்தாமல் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். காரணம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குத்துவதும் குத்தாததும் அவர் இஷ்டம், மெடல் அவருடையது.

நாங்குநேரி: பூட்டன் மலாயாவில் நேதாஜி படையில் சேர்ந்தவர். என்ன மெடல் கேட்கலாம்?

போர் மெடல் எதுவும் வராது. இந்திய ராணுவ விதிகளுக்குள் அந்தச் சேவை அடங்காது. அவர்களை அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களாக ஏற்றுப் பென்ஷன் கொடுத்தது, 1972-ல் தாமிரப் பட்டயமும் கொடுத்தது. பரணில் செப்புத் தகடு ஏதும் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சேரன்மகாதேவி: எல்லையில் ஜீப் கவிழ்ந்து எனக்குக் கால் போனது. காயம் பட்டவர்களுக்கான மெடல் கிடைக்குமா?

பராக்கிரம் பதக்கத்தைக் கேட்கிறீர்கள். எதிரியின் நேரடி நடவடிக்கையால் பட்ட காயத்துக்குத்தான் அது. விபத்து அதில் சேராது. மனசு கேட்காதுதான். ஆனால் ஊனப் பென்ஷனுக்கு விதி வேறு. பணியில் நடந்த விபத்தும் அதில் சேரும். அதை விட்டுவிடாதீர்கள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும்போது முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே என்று கேட்டு அங்கேயும் ஒரு எட்டு போய் வாருங்கள்.

விஜயநாராயணம்: இங்கே கட்டபொம்மன் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தனி மெடல் உண்டா?

கிடையாது. நீர்மூழ்கிகளோடு பேசும் முக்கியமான தளம்தான், ஆனால் போர்ப் பகுதி இல்லை. 9, 20, 30 வருஷ நீண்ட சேவை மெடல்கள் எந்தத் தளத்தில் இருந்தாலும் வரும்.

பாளையங்கோட்டை: அப்பாவின் மெடல்கள் திருட்டுப் போய்விட்டன. கடையில் புதிதாக வாங்கி வைக்கலாமா?

படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசு கொடுத்த உண்மையான மெடலின் விளிம்பைப் பார்த்திருக்கிறீர்களா? சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். கடை மெடலில் அந்த விளிம்பு மொட்டையாக இருக்கும். முதலில் போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அதை வைத்து ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள்.

அதே ஊர், அதே அம்மா: போர் நினைவிடத்தில் அஞ்சலிக்குப் போகும்போது அப்பாவின் மெடலை நான் குத்திக்கொள்ளலாமா?

அப்பா காலமாகிவிட்டார் என்றால் நெருங்கிய உறவு என்ற முறையில் குத்திக்கொள்ளலாம் தாயி, வலது பக்கம். இடது பக்கம் சம்பாதித்தவருக்கு மட்டும்.