வெட்டாத பிளாஸ்மிட் ஏன் சிறிதாகத் தெரிகிறது?

கேள்வி: பி.யூ.சி.19 பிளாஸ்மிட்டின் (பாக்டீரியாவில் இருக்கும் சிறு டி.என்.ஏ.) நீளம் 2,686 கார இணைகள் (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) என்று படித்தோம். ஆனால் 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் (டி.என்.ஏ.வை மின்சாரத்தால் ஓட்டும் கூழ்; சிறிய துண்டு அதிக தூரம் ஓடும்) அது 41 மி.மீ. ஓடியிருக்கிறது. பக்கத்தில் ஓட்டிய லாம்டா ஹிண்ட்-3 லேடரில் (அளவு தெரிந்த டி.என்.ஏ. துண்டுகளின் கலவை) 2,322 பேண்ட் (பட்டை) 40 மி.மீ., 2,027 பேண்ட் 42 மி.மீ. கணக்குப்படி 2,170தான் வருகிறது. மேலே மங்கலாக இன்னொரு பேண்டும் தெரிகிறது. சாம்பிள் கெட்டுவிட்டதா?
– முதுகலை மாணவி, குடியாத்தம்

பதில்: கெடவில்லை. கணக்கும் சரிதான். டி.என்.ஏ.வை வெட்டும் என்சைம் போட்டீர்களா என்று எழுதவில்லை. போட்டிருக்க மாட்டீர்கள் என்று அந்த இரண்டு பேண்டுமே சொல்கின்றன.

லேடரில் இருப்பதெல்லாம் நீட்டமான துண்டுகள். வெட்டாத பிளாஸ்மிட்டோ வளையம், அதுவும் தாம்புக்கயிறு மாதிரி முறுக்கேறிச் சுருண்ட வளையம். அதனால் ஜெல்லின் துளைகளில் சுலபமாக நுழைந்து, தன் அளவை மீறி ஓடிவிடும். மேலே மங்கலாக நிற்பது, ஒரு இழை அறுந்து முறுக்கு தளர்ந்த வளையம். அது மெதுவாகத்தான் நகரும். இரண்டின் அளவையும் லேடரை வைத்துச் சொல்ல முடியாது.

ஈகோ ஆர்-1 என்சைம் பி.யூ.சி.19-ஐ ஒரே இடத்தில்தான் வெட்டும். வெட்டியதையும் வெட்டாததையும் அடுத்தடுத்த குழிகளில் ஓட்டிப் பாருங்கள். வெட்டியது உங்கள் ஜெல்லில் 38 மி.மீ. பக்கம் நிற்க வேண்டும். லேடரை வைத்துச் செமி லாக் தாளில் (ஒரு அச்சு மட்டும் லாக் அளவில் உள்ள வரைபடத் தாள்) கோடு இழுத்துப் பார்க்கும்போது அதன் அளவு 2,600 வந்தாலும் 2,750 வந்தாலும் பதற வேண்டாம், இது மதிப்பீடுதான். ஆனால் 23,130 பேண்டையும் சேர்த்துக் கோடு இழுக்காதீர்கள். அந்த அளவில் கோடு வளைந்துவிடும்.

லேடரை 65 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கி, உடனே ஐஸில் வைத்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் 23,130-உம் 4,361-உம் முனைகளில் ஒட்டிக்கொண்டு, 4,361 மங்கிப் போகும்.

அப்புறம், வோல்டேஜ். வேலூரில் நான் பிராக்டிகல் எடுத்த காலத்தில், காட்பாடியில் ரயில் பிடிக்கும் அவசரத்தில் பிள்ளைகள் அதைக் கூட்டிவிடுவார்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் கேட்கவா வேண்டும்? ஜெல்லின் நடுப்பகுதி சூடேறி, நடு லேன்கள் (குழிகளிலிருந்து டி.என்.ஏ. ஓடும் தடங்கள்) முந்திவிடும். ஓரத்தில் லேடர், நடுவில் சாம்பிள் என்றால் அளவு தப்பும். மின்முனைகளுக்கு இடையே சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் போதும். லேடரைச் சாம்பிளுக்கு ஒட்டியே ஏற்றுங்கள்.