தையல் ஓரத்துக் கட்டி

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டாவது சிசேரியன் ஆகி நாலு வருஷம். ஒரு வருஷமாகத் தையலின் வலது ஓரத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. பீரியட்ஸுக்கு இரண்டு நாள் முன்பே விண்விண்ணென்று தெறிக்கும், முடிந்ததும் அடங்கிவிடும். நூல் முடிச்சு என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இன்னொரு டாக்டர் குடலிறக்கம் என்கிறார். வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை. என்னதான் இது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கட்டியின் அளவைவிட, நீங்கள் சொன்ன அந்த ‘இரண்டு நாள்’தான் முக்கியம். கருப்பையின் உட்சுவர்த் திசு சிசேரியன் சமயத்தில் வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டு வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மாதாமாதம் அதுவும் வீங்கிக் கசியும். ரத்தம் வெளியேற வழியில்லாததால் சுற்றியுள்ள சதை இறுகி வலிக்கிறது. கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் என்ன செய்யும்?

குடலிறக்கமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அது பெரும்பாலும் மல்லாந்து படுத்தால் உள்ளே போகும், இருமினால் புடைக்கும். இந்தக் கட்டி கல் மாதிரி அதே இடத்தில் நிற்கும்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? வழக்கமான வயிற்று ஸ்கேன் கருப்பை, சினைப்பை என்று ஆழத்தைத்தான் பார்க்கும். உங்கள் கட்டியோ தோலுக்குக் கீழேயே கொழுப்பிலும் தசை உறையிலும் உட்கார்ந்திருக்கிறது. வலி இருக்கும் நாளில், பேனாவால் இடத்தை வட்டமிட்டுக்கொண்டு போங்கள். சீட்டில் ‘தையல் ஓரக் கட்டி, மாதவிலக்கோடு வலி’ என்று எழுதச் சொல்லி, மேல்சதை பார்க்கும் லீனியர் புரோப்பால் எடுக்கச் சொல்லுங்கள். தசைக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். ஊசி குத்திப் பரிசோதிப்பதென்றால் குடலிறக்கம் இல்லையென்று உறுதியான பிறகுதான். குடலில் குத்திவிட்டால் வினை. இந்த நோயில் சிலருக்குக் கூடும் சிஏ-125 என்ற புரதத்தின் ரத்தப் பரிசோதனை நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்றாகாது.

தீர்வு ஆபரேஷன்தான். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் மிச்சம் மறுபடி வளரும். சுற்றிலும் சுமார் 1 செ.மீ. நல்ல சதையோடு, தேவையானால் தசை உறையையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஓட்டை பெரிதானால் செயற்கை வலை (மெஷ்) வைத்து மூடுவார்கள். அது வேண்டியிருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த கட்டி பயாப்ஸிக்குப் போக வேண்டும். டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையை 2 மி.கி. தினமும் ஒன்று என்று தருவதுண்டு. வலி குறையும், ஆனால் கட்டி கரையாது. நிறுத்தினால் பெரும்பாலும் வலி திரும்பும்.

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. பீரியட்ஸ் வந்த முதல் நாளோ மறுநாளோ வலது தோள்பட்டை வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது. எக்ஸ்ரே இரண்டு முறையும் நார்மல். இதுவும் எண்டோமெட்ரியோசிஸ்தானா?
- வாசகர், கோவை

பதில்: இருக்கலாம். எக்ஸ்ரேயை எந்த நாளில் எடுத்தீர்கள்? கருப்பை உட்சுவர்த் திசு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்திலும், பெரும்பாலும் வலப்பக்கம், வளர்வதுண்டு. உதரவிதானத்தின் நரம்பு வழியே வலி தோளில் தெரியும். சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிடும். மாதவிலக்குக்கு 24 மணி நேரம் முன்பிலிருந்து, தொடங்கி 72 மணி நேரத்துக்குள் இது நடக்கும். ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தில் காற்று வடிந்தே போயிருக்கலாம். மூச்சு முட்டினால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சளியில் ரத்தம் வந்தால், அதுவும் இந்தத் திசுவால் இருக்கலாம் என்பதால், சளிப் பரிசோதனை செய்யாமல் காசநோய் மாத்திரையைத் தொடங்க வேண்டாம். இனி எடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்ரே உறையின் மேலும் தேதியையும், அது மாதவிலக்கின் எத்தனையாவது நாள் என்பதையும் எழுதி வையுங்கள்.